மனைவி கருவுற்ற நாள் முதல் குழந்தை வீடு வரும் வரை: கணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மனைவி உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி தெரிந்ததுமே தமிழ்க் குடும்பங்களில் பொறுப்புகள் தாமாகவே பிரிந்துவிடுகின்றன. சாப்பாட்டை மாமியார் கவனிப்பார், வளைகாப்பைச் சம்பந்திகள் பேசி முடிப்பார்கள், பிரசவத்தைத் தாய்வீடு ஏற்றுக்கொள்ளும். கணவனுக்கு மிஞ்சுவது பணம் கட்டுவதும் வண்டி பிடிப்பதும்தான். இந்த ஏற்பாட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் எந்த மாத்திரை எதற்காகத் தரப்படுகிறது, போன மாதம் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, மருத்துவர் எதைப் பார்த்து முகம் சுருக்கினார் என்பதெல்லாம் தெரியாமலேயே அவனுக்குப் பத்து மாதமும் கழிந்துவிடும். கடைசியில், அவசரம் வரும் இரவில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவனும் அவனாகவே இருப்பான்.

நான் மருத்துவன் அல்லன்; இரண்டு பிள்ளைகளின் தகப்பன். தன் கர்ப்பத்தைப் பற்றி மனைவிக்குத் தெரிந்த அனைத்தும் கணவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. அவளுக்கு மருத்துவர் சொல்வதே முடிவானது. மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்கவும் கீழே உள்ளவை உதவும்.

முதல் படி: நாள் தள்ளிப்போனதும்

மருந்துக்கடையில் கிடைக்கும் சோதனை அட்டையில் காலையின் முதல் சிறுநீரைக் கொண்டு பார்ப்பதே நம்பகமானது. இரண்டு கோடு விழுந்தால், கடைசி மாதவிடாயின் முதல் நாளை இருவரும் நினைவுபடுத்தி எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அந்த நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் கணக்கிட்டே பிரசவத் தேதி குறிக்கப்படுகிறது. நம் பாட்டிமார் சொல்லும் பத்து மாதமும், 28 நாள் கொண்ட மாதங்களாக எண்ணினால், அதே கணக்குதான். கரு உருவாகி நான்கு வாரமே ஆகியிருக்கும்போது மருத்துவர் ஆறு வாரம் என்று எழுதுவது இதனால்தான். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். குறித்த தேதியில் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலவே என்பதால் 37 வாரம் முடிந்ததிலிருந்தே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஆறிலிருந்து எட்டாவது வாரத்திற்குள் எடுக்கப்படும் முதல் ஸ்கேனில் கரு கருப்பைக்குள்தான் தங்கியிருக்கிறதா, இதயத் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. இந்த வாரங்களில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லக் கூடாது என்பது பல வீடுகளின் வழக்கம். கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள்ளேயே நிகழ்வதால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஊரிடம் மறைக்கும் செய்தியை உங்கள் இருவருக்குள்ளும் பேசாமல் விட்டுவிடாதீர்கள். ஒருவேளை கரு கலைந்துவிட்டால், 'என்ன சாப்பிட்டாய், ஏன் வண்டியில் போனாய்' என்று அவளைச் சுற்றி விசாரணை தொடங்கும். ஆரம்பக் கருச்சிதைவுகளில் பாதிக்கு மேல் கருவின் மரபணு அமைப்பில் நேர்ந்த கோளாறால் ஏற்படுபவை. அவளால் நேர்ந்தவை அல்ல. அதை வீட்டாரிடம் உறுதியான குரலில் சொல்ல வேண்டியவர் கணவர்தான். அந்த இடத்தில் அவர் வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனத்தை மனைவி நெடுங்காலம் மறக்கமாட்டாள்.

இரண்டாம் படி: பதிவும் ரத்தப் பரிசோதனைகளும்

தமிழ்நாட்டில் கர்ப்பத்தை அரசின் பிக்மி தளத்தில் பதிவு செய்து எண் பெற வேண்டும். கிராமமானால் கிராம சுகாதார செவிலியரும், நகரமானால் நகர்ப்புற செவிலியரும் பதிவு செய்து தருவார்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். பின்னாளில் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்ய இந்த எண்ணைக் கேட்பார்கள். பிரசவம் முடிந்த களைப்பில் இதற்காக அலைவதைவிட, முதல் மூன்று மாதத்துக்குள் முடித்து எண்ணை உங்கள் கைப்பேசியிலும் சேமித்து வைப்பது நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ், 19 வயது நிறைந்த ஏழைத் தாய்மாருக்கு முதல் இரண்டு பேறுகளுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. அதற்கும் 12 வாரத்துக்குள் பதிவு செய்திருப்பது அவசியம். வங்கிக் கணக்கு மனைவியின் பெயரில் இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயரும் வங்கியில் வேறு எழுத்தும் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.

முதல் வருகையில் ரத்தத்தில் பல பரிசோதனைகள் செய்வார்கள். அவற்றில் இரண்டு உங்களையும் சார்ந்தவை. மனைவியின் ரத்த வகை நெகட்டிவாக இருந்தால், உங்கள் ரத்த வகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நீங்கள் பாசிட்டிவ் என்றால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம். அப்போது தாயின் உடல் குழந்தையின் ரத்த அணுக்களுக்கு எதிராக இயங்கத் தொடங்கக்கூடும். முதல் குழந்தைக்கு இதனால் பெரும்பாலும் தீங்கு வராது, அடுத்த குழந்தைக்கு வரலாம். இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 28-ஆவது வாரத்திலும், குழந்தையின் வகை பாசிட்டிவ் என்று தெரிந்ததும் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் போடுவார்கள். கரு கலைந்தாலும் இந்த ஊசி தேவைப்படலாம். இரண்டாவது, தலசீமியா போன்ற ரத்தக் குறைபாட்டின் மரபணு மனைவியிடம் இருப்பதாகத் தெரிந்தால் கணவருக்கும் அதே பரிசோதனை செய்யச் சொல்வார்கள். இதில் தயங்கவோ நாள் கடத்தவோ கூடாது.

ஃபோலிக் அமில மாத்திரை முதல் மூன்று மாதத்துக்கு மிக முக்கியம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் முதல் சில வாரங்களிலேயே அதன் வேலை நடக்கிறது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் படி: மசக்கைக் காலம்

ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும் குமட்டலும் வாந்தியும் பலருக்கு 14-ஆவது வாரத்தை ஒட்டிக் குறையும். சிலருக்கு அதன்பிறகும் நீளும். காலையில் மட்டும்தான் வரும் என்று எண்ண வேண்டாம். தாளிக்கும் வாசனை, பால் பொங்கும் வாசனை, குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போது வரும் வாசனை என்று எதுவும் அவளைப் புரட்டி எடுக்கலாம். கணவரின் வியர்வையும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும்கூட ஆகாமல் போகலாம். அதைத் தன்மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் குளித்துவிட்டு வருபவரே புரிந்துகொண்ட கணவர்.

இந்த வாரங்களில் சமையலறையைக் கணவர் முழுமையாக ஏற்பதுதான் உண்மையான உதவி. 'என்ன வேண்டும் சொல், செய்துதருகிறேன்' என்று கேட்பதைவிட, வாசனை குறைந்த இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம், கஞ்சி ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டும் இடத்தில் வைப்பது பயன் தரும். படுக்கையைவிட்டு எழும் முன் இரண்டு ரஸ்கோ ஒரு கைப்பிடி பொரியோ சாப்பிட்டால் பலருக்குக் குமட்டல் குறைகிறது. தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வருவது, சிறுநீர் அடர்மஞ்சளாகி அளவு குறைவது, எடை இறங்கிக்கொண்டே போவது ஆகியவை சாதாரண மசக்கை அல்ல. அவளை மருத்துவமனையில் சேர்த்து நரம்புவழி நீரேற்ற வேண்டியிருக்கும். 'எல்லாருக்கும் இருப்பதுதான்' என்ற பேச்சுக்கு அங்கே இடம் தராதீர்கள்.

புகைப்பழக்கம் இருந்தால் விட வேண்டிய நாள் இன்று. வாசலில் நின்று புகைத்துவிட்டு வந்தாலும் உங்கள் உடையிலும் மூச்சிலும் அது வீட்டுக்குள் வருகிறது. பிறர் விடும் புகை கருவின் எடையைக் குறைக்கும் என்பது உறுதியாக அறியப்பட்ட உண்மை.

உங்கள் உள்ளத்தையும் கவனியுங்கள். மனைவி கருவுற்றிருக்கும்போது கணவருக்கும் குமட்டல், தூக்கமின்மை, எடை கூடுதல் முதலியவை வருவது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. அது நோய் அல்ல. பணம் போதுமா, நான் நல்ல தகப்பனாக இருப்பேனா, அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்ற அச்சங்களை ஆண்கள் பெரும்பாலும் யாரிடமும் சொல்வதில்லை. தந்தையான ஒரு நண்பரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள். மனைவியிடமும் பேசலாம். அவளுக்குப் பாரம் கூடும் என்று எண்ணி ஒதுங்குபவரை, அவள் அக்கறையற்றவர் என்றே புரிந்துகொள்ள நேர்கிறது.

நான்காம் படி: ஸ்கேன் அறைக்குள் செல்லுதல்

முடிந்த எல்லா மருத்துவ வருகைகளுக்கும் உடன் செல்லுங்கள். எல்லாவற்றுக்கும் விடுப்பு கிடைக்காதென்றால், பின்வரும் மூன்றையாவது விடாதீர்கள். முதலாவது 11 முதல் 14 வாரத்துக்குள் குழந்தையின் பின்கழுத்துத் திரவத்தின் அளவைப் பார்க்கும் ஸ்கேன். இரண்டாவது 18 முதல் 20 வாரத்தை ஒட்டி உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன். குறை ஏதேனும் இருப்பதாகச் சொல்லப்பட்டால் அந்த நிமிடத்தில் அவள் தனியாக இருக்கக் கூடாது. கேட்ட செய்தியை இருவரும் சேர்ந்து கேட்டிருந்தால்தான் அடுத்த முடிவைச் சேர்ந்து எடுக்க முடியும். மூன்றாவது, 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யப்படும் சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைக் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்போது ரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. முதல் வருகையிலேயே ஒருமுறை இதைச் செய்துவிடுவதும் வழக்கம். சாப்பிட்டிருந்தாலும் வெறும் வயிற்றில் இருந்தாலும் செய்யக்கூடிய இந்த எளிய முறையை இந்தியா முழுவதும் பரவச் செய்ததில் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நம் நாட்டில் கடைப்பிடிக்கப்படுகிறது. சர்க்கரை கூடியிருப்பதாகத் தெரிந்தால் அவள் தட்டை மட்டும் மாற்றாதீர்கள். வீட்டில் அனைவரும் அதே உணவுக்கு மாறினால்தான் அது நிலைக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் அவளோடு நடந்து வாருங்கள்.

ஸ்கேன் அறையில் ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது. குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மனைவி அந்தச் சோதனைக்கு உட்பட்டிருந்தால், மாறாக நிரூபிக்கப்படாத வரை, கணவரோ உறவினரோதான் அவளை வற்புறுத்தினார்கள் என்றே சட்டம் கொள்கிறது. பெரியவர்கள் 'கேட்டுப் பார்க்கக் கூடாதா' என்று தூண்டினால், அந்தப் பேச்சை அங்கேயே முடிக்கும் கடமை உங்களுடையது.

ஒரு கோப்பில் எல்லா அறிக்கைகளையும் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு வருகைக்குப் பிறகும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், மருத்துவர் சொன்ன ஒரு வரி ஆகிய நான்கையும் தனித் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோப்பின் அருமை ஏழாம் மாதத்துக்குப் பிறகு புரியும்.

ஐந்தாம் படி: நடு மாதங்கள்

நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை உடல் ஓரளவு தேறியிருக்கும். கணவர்கள் கவனம் தளர்வதும் அப்போதுதான். நம் ஊரில் கர்ப்பிணிகளின் பெரும் பகை ரத்தசோகை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தாலே அது ரத்தசோகைதான். இரும்புச் சத்து மாத்திரையை 180 நாட்களுக்காவது விடாமல் சாப்பிட வேண்டும். மலச்சிக்கலும் கறுப்பு நிற மலமும் வருவதால் பல பெண்கள் அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பது இயல்பு என்று தெரிந்தால் பயம் போகும். மலச்சிக்கல் தாங்க முடியாவிட்டால் மருத்துவர் வேறு மாத்திரை தருவார். இந்த மாத்திரையைக் காபி, தேநீரோடு சேர்த்தோ, கால்சியம் மாத்திரையோடு சேர்த்தோ சாப்பிட்டால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ அதற்குத் துணை செய்யும். இரும்பு மாத்திரை ஒரு வேளை, கால்சியம் வேறு வேளை என்று நேரம் பிரித்து நினைவூட்டும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்தை ஒட்டிக் குழந்தையின் அசைவை அவள் உணரத் தொடங்குவாள். உங்கள் உள்ளங்கைக்கு அது எட்ட இன்னும் சில வாரம் ஆகும். அதற்குள் குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். தினமும் பேசுங்கள். குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது என்பது ஒருபுறம் இருக்க, அந்தப் பத்து நிமிடம் உங்களைத் தகப்பனாக்குகிறது.

குங்குமப்பூ குழந்தைக்கு நிறம் தராது. நிறத்தைத் தீர்மானிப்பது பெற்றோரின் மரபணு. கிரகணத்தன்று அசையாமல் பட்டினி கிடப்பதும் தேவையற்றது. இவற்றை வீட்டில் சண்டையாக்காமல், 'டாக்டரம்மா அவளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் அம்மா' என்று உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மருமகள் வாயால் அது வர வேண்டியதில்லை. மருத்துவர் தடை சொல்லாத வரை தாம்பத்திய உறவாலும் அளவான பயணத்தாலும் கருவுக்குத் தீங்கில்லை. விருப்பம் அவளுடையதாக இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். மருத்துவக் காப்பீட்டில் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. கருவுற்ற பிறகு எடுக்கும் தனிநபர்க் காப்பீடு பெரும்பாலும் இந்தப் பிரசவத்துக்கு உதவாது. அலுவலகக் குழுக் காப்பீடு இருந்தால் அதன் உச்சவரம்பையும், பிறந்த குழந்தையைச் சேர்க்கும் விதியையும் இப்போதே கேட்டுவையுங்கள். சுகப்பிரசவத்துக்கு ஒரு தொகை, சிசேரியனுக்கு ஒரு தொகை, குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால் நாளொன்றுக்கு ஒரு தொகை என மூன்றையும் மருத்துவமனையில் எழுதி வாங்குங்கள்.

ஆறாம் படி: வளைகாப்புக்குப் பின் வரும் பிரிவு

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ கை நிறைய வளையல் அடுக்கி, கலவை சாதம் கட்டி, மனைவியைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் அவளுக்கு ஓய்வும் அம்மாவின் மடியும் தருகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ரத்த அழுத்தம் ஏறுவதும், குழந்தையின் வளர்ச்சி தடைப்படுவதும், வலி முன்கூட்டியே வருவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான். அதுவரை பார்த்த மருத்துவரும் மாறுகிறார், கூட இருந்த கணவரும் பிரிகிறார். முழுக் கர்ப்பத்திலும் கணவர் மிகுந்த திட்டத்தோடு இயங்க வேண்டிய இடம் இது.

அவள் கிளம்பும் முன், பிரசவம் பார்க்கப் போகும் ஊரில் மருத்துவமனையை இருவரும் நேரில் சென்று தேர்ந்தெடுங்கள். இரவில் மகப்பேறு மருத்துவர் இருப்பாரா, மயக்க மருத்துவரை அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வருவார், ரத்த வங்கி எங்கே, குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளேயே இருக்கிறதா ஆகிய நான்கும் கட்டடத்தின் பளபளப்பைவிட முக்கியம். முதல் ஏழு மாதக் கோப்புடன் அந்த மருத்துவரை ஒருமுறையாவது நீங்களும் சந்தித்திருக்க வேண்டும். பிரசவ வலியோடு முதன்முறையாக ஒரு மருத்துவமனைக்குள் நுழையும் நிலை வரக் கூடாது.

பிறகு மாமனார் மாமியாரோடு பேச வேண்டும். மாப்பிள்ளை அதிகாரம் செய்கிறார் என்று தோன்றாதபடி, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: 'அத்தை, தலைவலியோ, முகவீக்கமோ, குழந்தை அசைவு குறைவதோ எது இருந்தாலும் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள், போகும் வழியில் எனக்குச் சொன்னால் போதும், என்னைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.' செலவுக்குப் பணத்தையும் அவர்கள் கையில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். 'மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது' என்ற கூச்சத்தில் தாமதமான பிரசவங்களை நான் அறிவேன். இரவு எந்நேரமும் வரக்கூடிய ஒரு வண்டிக்காரரின் எண், 108, அதே ரத்த வகை கொண்ட உறவினர் இருவர் ஆகிய விவரங்களை அந்த வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

தொலைபேசியில் 'சாப்பிட்டாயா' என்பதோடு முடித்துவிடாதீர்கள். இன்று குழந்தை நன்றாக அசைந்ததா, தலைவலி உண்டா, கண் மங்கலாகத் தெரிகிறதா, கை முகம் வீங்கியிருக்கிறதா, மாத்திரை போட்டாயிற்றா என்று ஒவ்வொரு நாளும் கேளுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு, உணவுக்குப் பின் இடப்பக்கம் சாய்ந்து படுத்து அசைவை எண்ணச் சொல்வார்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதைவிடவும் முக்கியம், வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதாக அவளுக்குத் தோன்றுவது. அந்தத் தோற்றத்தை யாரும் 'குழந்தை தூங்குகிறது' என்று தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவ வருகை நாட்களில் முடிந்தவரை நேரில் செல்லுங்கள். முடியாதபோது காணொளி அழைப்பில் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஏழாம் படி: தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

இந்தப் பகுதியை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் ரத்தப்போக்கு, 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொடுவது, விடாத தலைவலி, பார்வை மங்குதல், மேல்வயிற்றில் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், பனிக்குட நீர் கசிதல், 37 வாரத்துக்கு முன்பே விட்டு விட்டு வரும் வயிற்று இறுக்கம், குழந்தை அசைவு குறைதல். தலைவலியும் பார்வை மங்கலும் ரத்த அழுத்தத்தோடு சேர்ந்தால் அடுத்து வலிப்பு வரலாம். தைலம் தேய்த்துப் படுக்க வைக்கும் நேரம் அல்ல அது. நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால், குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம் என்பதால், உடனே கிளம்ப வேண்டும்.

எட்டாம் படி: வலி வரும் நாள்

36-ஆவது வாரத்திலேயே பை தயாராக இருக்கட்டும்: கோப்பு, ஆதார் அட்டைகள், பிக்மி எண், காப்பீட்டு அட்டை, முன்புறம் திறக்கும் உடைகள், பெரிய அளவு நாப்கின்கள், குழந்தைக்குத் துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணிகள். உங்களுக்கும் ஒரு மாற்றுடை வையுங்கள்.

சூட்டு வலி என்று சொல்லப்படும் பொய்வலி ஒழுங்கின்றி வந்து, நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். உண்மையான வலி இடுப்பிலிருந்து முன்வயிற்றுக்குப் பரவி, இடைவெளி குறைந்துகொண்டே, கடுமை கூடிக்கொண்டே போகும். வலி தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கினால் கிளம்பலாம், தொலைவில் இருப்பவர்கள் அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். முதல் பிரசவம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். அது இயல்பு என்று தெரிந்திருந்தால் வெளியே நிற்பவர்களின் பதற்றம் குறையும்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் பொதுவாகப் பெண் உறவினர் ஒருவரே துணையாக அனுமதிக்கப்படுகிறார். யார் உள்ளே செல்வது என்பதை மனைவியே முன்கூட்டிச் சொல்லட்டும். தனியார் மருத்துவமனைகளில் கணவரை அனுமதிப்பது இடத்துக்கு இடம் வேறுபடுவதால் முன்பே கேட்டுவையுங்கள். உள்ளே செல்ல முடிந்தால், தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு, வலியின்போது மூச்சை நிதானமாக விடச் சொல்லி, இடைவெளியில் தண்ணீர் தந்து, இடுப்பை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். அவள் கத்தினாலும் திட்டினாலும் அது உங்கள்மீது அல்ல. அவளிடம் யாராவது கடுஞ்சொல் சொன்னால் பணிவாக, ஆனால் உடனே தடுத்துப் பேசுங்கள்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன்; தனியார் மருத்துவமனைகளில் இது 60 சதவீதத்துக்கும் மேல். ஆகவே அறுவைசிகிச்சை வேண்டும் என்று சொல்லப்பட்டால், காரணம் என்ன, குழந்தையின் துடிப்பு எப்படி இருக்கிறது, காத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டுப் புரிந்துகொண்டதும் தயங்காமல் கையெழுத்திடுங்கள். ஜோதிடர் குறித்த நேரத்துக்காக முன்கூட்டியே கத்தி வைக்கச் சொல்லவும் கூடாது, அவசரம் என்று சொல்லப்பட்ட பிறகு நல்ல நேரம் பார்த்து நிறுத்தவும் கூடாது. சிசேரியனில் பெற்றவளை 'சுகமாகப் பெறவில்லை' என்று யாரும் குறைத்துப் பேச விடாதீர்கள். அவள் வயிற்றில் ஏழு அடுக்கைத் தாண்டிய காயம் இருக்கிறது.

ஒன்பதாம் படி: முதல் மணி நேரமும் முதல் வாரமும்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். மஞ்சளாக, கெட்டியாக, மிகக் கொஞ்சமாக வரும் சீம்பால்தான் குழந்தையின் முதல் தடுப்பு மருந்து. பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்கும் சேனை வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. கழுதைப்பால் புகட்டுவதும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் தருவது நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய கிருமி நோய்க்கு வழிவிடும். 'தாத்தா மடியில் வைத்து ஆசீர்வாதம் செய்யட்டும், வாயில் எதுவும் வேண்டாம்' என்று முன்பே சொல்லிவைத்தால் அந்த நேரத்தில் மனத்தாங்கல் வராது.

சிசேரியன் முடிந்து மனைவி உணர்வு திரும்பும் வரை, நீங்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை உங்கள் மார்போடு அணைத்து வைக்க அனுமதி கேளுங்கள். தந்தையின் மார்பும் குழந்தையின் உடல் வெப்பத்தைக் காக்கும். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு இதையே சிகிச்சையாகச் செய்கிறார்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் ஹெப்படைட்டிஸ்-பி ஊசியும், வீடு திரும்பும் முன் காசநோய்த் தடுப்பூசியும் போலியோ சொட்டும் தரப்பட்டனவா என்று பாருங்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றும் மஞ்சள் நிறம் பெரும்பாலும் இயல்பானதுதான். ஆனால் முதல் நாளிலேயே தோன்றினாலோ, உள்ளங்கை உள்ளங்காலுக்குப் பரவினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெயிலில் காட்டுவது நீல ஒளி சிகிச்சைக்கு மாற்றாகாது.

தாய்க்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் அளவு ரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் இருந்தாலோ அதுவும் அவசரம்தான். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பது பால் கொடுப்பவளுக்குத் தீங்கு. பூண்டும் கருவாடும் பிரசவ லேகியமும் அளவோடு இருக்கட்டும். தண்ணீர் நிறைய இருக்கட்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதம் தொடர வேண்டும்.

பத்தாம் படி: குழந்தை உங்கள் வீட்டுக்கு வரும் வரை

மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை அதை எடுக்கலாம். தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாததால், ஐந்தாம் மாதத்திலிருந்தே மற்ற விடுப்புகளைச் சேர்த்து வையுங்கள். எல்லாவற்றையும் பிரசவ நாளை ஒட்டியே செலவழிக்க வேண்டாம். சுற்றம் கலைந்து மனைவி தனித்துவிடப்படும் மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் நீங்கள் அதிகம் தேவைப்படுவீர்கள். தாய்வீட்டில் தங்கும் நாட்களில் விருந்தாளியாக உட்காராமல், இரவில் குழந்தையை ஏப்பம் விடச் செய்வதும் துணி மாற்றுவதும் உங்கள் வேலையாகட்டும். தீட்டு என்று யாராவது விலக்கினால், குழந்தையைத் தூக்குவதன் மூலமே மெதுவாக அதைக் கடந்துவிடலாம்.

பிரசவத்துக்குப் பிறகு ஓரிரு வாரம் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்தைத் தாண்டியும் சோகம், தூக்கமின்மை, குழந்தைமீது ஒட்டுதலின்மை, சாவு பற்றிய பேச்சு ஆகியவை இருந்தால் அது நோய், மருந்தால் குணமாவது. ஏறக்குறைய பத்தில் ஒரு தந்தைக்கும் இத்தகைய மனச்சோர்வு வருவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இருவருக்குமே டெலி-மானஸ் உதவி எண் 14416 உண்டு, தமிழிலும் பேசலாம்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். பெற்றோர் பெயரின் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது உங்கள் வேலை. பெயர் முடிவாகவில்லையென்றால் பெயரின்றிப் பதிந்துவிட்டு ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

ஆறாவது வார மருத்துவப் பரிசோதனைக்கு உடன் செல்லுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி மருத்துவர் பேசுவது அன்றுதான். அடுத்த கருவுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்கான முழுப் பொறுப்பையும் இப்போதுதான் பெற்றெழுந்தவள்மீது சுமத்தாமல், ஆணுறையை நீங்கள் ஏற்பதும், குடும்பம் நிறைவுற்றதாக இருவரும் முடிவெடுத்தால் ஆணுக்கான எளிய அறுவைசிகிச்சையை யோசிப்பதும் நியாயம்.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, நல்ல நாள் பார்த்துக் குழந்தையோடு மனைவியை அழைத்து வருவீர்கள். அதற்கு முன் வீட்டில் கொசுவலை கட்டி, ஈரச் சுவர்களைச் சரிசெய்து, ஆறு வாரத்திலும் பத்து வாரத்திலும் போட்ட தடுப்பூசிகளின் அட்டையைக் கேட்டு வாங்கி, அடுத்த ஊசி எப்போது என்பதைப் பார்த்து உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையின் வருகையைச் சொல்லிவையுங்கள். அவள் வேலைக்குத் திரும்புபவளானால் பகலில் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வியை, வந்து இறங்கிய பிறகு அல்ல, அழைத்துவரக் கிளம்பும் முன்பே உங்கள் பெற்றோருடனும் அவளுடனும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.